தாழ்ப்பாள்

விசாவில் என் தொழில்: ஆடு மேய்ப்பவன்.
வஃப்ராவில் வந்து இறங்கிய அன்று
வேலிக்குள் நின்றவற்றை ஆடு என்று சொல்ல
வாய் வரவில்லை.
ஒட்டகக் கழுத்து, முயல் காது,
தலையில் பிரிந்துபோன தலையணைப் பஞ்சு.
தொஃபஸ்ஸல்தான் பெயர் சொன்னான். அல்பாகா.
"ஒவ்வொன்றும் ஒரு கார் விலை.
நீயும் நானும் சேர்ந்தால்
ஒரு டயர் வரும்."

நாலரைக்கு எழுந்தால் முதல் வேலை சாணம்.
அதில் மட்டும் அவற்றைக் குறை சொல்ல முடியாது,
எல்லாம் ஒரே மூலையில்,
முன்னால் நிற்பது முடிக்கும்வரை
பின்னால் நிற்பது காத்திருக்கும்.
எங்கள் அறையில் ஒன்பது பேர், ஒரு கழிப்பறை.
எங்களுக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை.

ஜத்துப் புல் கட்டு பிரிக்க வேண்டும்,
தொட்டியில் ஐஸ் போட வேண்டும்.
பத்து மணிக்கு மேல் குழாயைப் பிடித்து
வயிற்றில் மட்டும் தண்ணீர் அடிக்க வேண்டும்.
முதுகில் அடித்தால் ரோமம் ஈரத்தைப் பிடித்து
உள்ளே வேகவைத்துவிடும்.
முதல் கோடையில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
அந்தக் கோடையில் போனது வெள்ளை நிறம்.

நாள் முழுக்க உம் கொட்டுகின்றன.
கதை சொல்ல ஆள் இல்லாமலேயே
ம், ம், ம் என்று.

செப்டம்பர் ஐந்தாம் தேதி காலை
ராத்தின் கொட்டிலைக் கூட்டிவிட்டு வெளியே வந்தேன்.
பையில் போன் அதிர்ந்தது.
எழுபது தினார் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக
பணம் அனுப்பும் கடையின் செய்தி.
அதை இரண்டு தடவை படித்தேன்.
தாழ்ப்பாளை மறந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது
கஹ்வா மண்ணில் மடங்கி உட்கார்ந்திருந்தாள்.
ராத் மேலே, தொண்டைக்குள்
பழைய மோட்டார் ஓடும் சத்தத்தோடு.
பிரிக்கக் கூடாது, பிரிக்கவும் முடியாது.
இருபது நிமிடம் வாளியோடு நின்றேன்,
அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில்
தெரியாமல் நுழைந்தவன் போல.

இங்கே குட்டி போட வேண்டியது பனிக்காலத்தில்.
கணக்குப் போட்டேன், பதினொன்றரை மாதம்.
விழுவது ஆகஸ்டில்.
"வெயிலில் கிடாவுக்குச் சரக்கு வெந்துபோகும், பிடிக்காது"
என்று டாக்டர் ஷௌகி எப்போதோ சொன்னதைப்
பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் ராத் வேலியோரம் வந்தான்.
கஹ்வா காதை மடித்தாள், கழுத்தை நிமிர்த்தினாள்,
துப்பினாள்.
வயிற்றில் பிடித்தவள்தான் அப்படித் துப்புவாள்.
பச்சையாய், புளித்த புல் நாற்றத்தோடு
பாதி அவன் முகத்தில்,
மீதி நற்செய்தி என் சட்டையில்.

யாரிடமும் சொல்லவில்லை.
மார்ச்சில் ரோமம் கத்தரித்தபோது
வயிறு தெரிந்தது. ஜத்து அதிகம் தின்கிறாள் என்றேன்.
தொஃபஸ்ஸல் என்னைப் பார்த்தான்,
"ஆமாம், ஜத்துக்குக் கால் நான்கு" என்றான்.

ஆகஸ்ட் பத்தொன்பது. காலை ஒன்பதரைக்கே நாற்பத்தாறு.
முதலாளி லண்டனில்.
மூக்கு வந்தது, இரண்டு முன்னங்கால் வந்தது,
பிறகு மொத்தமும் ஈரத் துணிபோல
என் மடியில்.
கொட்டிலில் வைத்தால் மதியம் தாண்டாது.
தாயையும் குட்டியையும்
ஏசி உள்ள ஒரே இடத்துக்குக் கொண்டுபோனோம்.
மூன்று வாரம் எங்கள் அறையில்
பதினொரு பேர்.
கீழ்க்கட்டில்காரர்கள் மாடிக்கட்டிலில் இருவராய்ப் படுத்தார்கள்.
ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய்.

செப்டம்பரில் அபூ மிஷாரி வந்தார், எண்ணினார்,
மறுபடி எண்ணினார்.
டாக்டர் பத்திரம் எழுதினார்.
தகப்பன் பெயர்? ராத்.
இணைந்த தேதி? சொன்னேன்.
"நேரமும் தெரியுமா?" என்று சிரித்தார்.
ஆறு நாற்பது என்றேன்.
அந்தச் செய்தி இன்னும் போனில் இருக்கிறது.

சிரிப்பு நின்றது.
அபூ மிஷாரி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக்
கொட்டிலின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் ஒரு பூட்டு வாங்கி வந்தார்.
சாவி இரண்டு.
இரண்டையும் என் கையில் போட்டுவிட்டுப்
போய்விட்டார்.

குட்டி இப்போது அந்த மூலைக்குப் போகிறது.
வரிசையின் கடைசியில்
கால் மாற்றி மாற்றி நிற்கிறது.