இரண்டு மதிப்பெண் வினா

"பொருளியல்: பொருள் தருக."
நாகர்கோவில் திருத்தும் மையம்.
என் மேசையில் முப்பத்தோராவது தாள்.

விடைக்குறிப்பு சொல்கிறது:
எல்லையற்ற விருப்பங்கள், பற்றாத சாதனங்கள்,
இடையில் தேர்வு.
அந்தச் சொல் இருந்தால் ஒன்று போடலாம்.

இவள் எழுதியிருக்கிறாள்:
அன்று குளச்சலில் சாளை மலிவு.
பெட்டி எழுநூறு.
அம்மாவிடம் இருந்தது எழுநூற்றைம்பது,
என் தேர்வுக்கட்டணம்.
ஏலத்தில் கை தூக்கிவிட்டாள்.
ஐஸ் நாற்பது,
கடவத்துக்கு பஸ்ஸில் லக்கேஜ் பத்து.
எல்லாக் கரையிலும் அன்று சாளைதான் என்பது
தக்கலைச் சந்தையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.
உச்சிக்கு முன் ஐஸ் உருகியது,
அதற்கு முன் விலை.
பாதியை மரச்சீனிக்கு மாற்றினாள்.
கட்டணம் எப்படிக் கட்டினோம் என்பதை
இடம் போதாமையால் எழுதவில்லை.

இடம் இருந்தது.
கீழே நான்கு கோடுகள் வெறுமனே கிடந்தன.

எண்ணைத் தவிர இவள் யாரென்று எனக்குத் தெரியாது.
தாளுக்கு இத்தனை ரூபாய் என்று எனக்கும் கூலி;
சாப்பாட்டு மணிக்குள் இன்னும் ஒன்பது முடிக்க வேண்டும்.
இரண்டாம் முறை வாசித்ததில்
ஒரு தாளுக்கான நேரம் போய்விட்டது.

தேர்வுக்கட்டணம் என்ற சொல்லில்
முதல் மூன்றெழுத்தை மட்டும்
சிவப்பு மையால் வட்டமிட்டு
ஒன்று போட்டேன்.

மீதிச் சொல் வட்டத்துக்கு வெளியே நின்றது.