பதினொன்று: இதர

ரூவியில் ஒரு வியாழன் இரவு, சங்கச் செயற்குழு.
ஆண்டு விழாவுக்கு வரும் பாடகருக்கு
எந்த ஓட்டலில் அறை என்பதிலேயே
முக்கால் மணி நேரம் போயிற்று.
சமோசா எண்ணெய் தாளில் பரவி
நிகழ்ச்சி நிரலின் ஏழாம் எண்ணைத் தின்றிருந்தது.

பதினொன்று: இதர.
எழுந்தேன்.
ஒரு சிம் கார்டு, ஓர் அறை,
மாதம் எண்பது ரியால் என்றேன்.
எதற்கு என்றார் பொருளாளர் கனகசபாபதி.
சின்ன வயதில் யாரோ தொட்டதை
இன்னும் கழுவிக்கொண்டிருப்பவர்களுக்கு
என்றேன்.

ஏசி மட்டும் பேசியது.
"நம்ம ஆளுங்கள்ல அதெல்லாம் உண்டாம்மா?"
குரலில் கெடுதல் இல்லை,
கதவைச் சாத்திப் பழகிய கை மட்டும் இருந்தது.
"ஊர்ல நடந்தது ஊரோட போச்சு.
பாஸ்போர்ட்ல அதுக்குமா முத்திரை?"
இன்னொருவர் கேட்க, சிலர் சிரித்தார்கள்.

நான் ரத்தம் எடுப்பவள்.
பதினாறு வருடமாக இந்த ஊரின் கைகளைத் தெரியும்.
ஊசிக்கு அஞ்சும் கை வேறு.
விரல் பட்டதும்
தோளுக்குள் ஓடி ஒளியும் கை வேறு.
அந்தக் கையை எனக்கு
என்னிடமிருந்தே தெரியும்.
அதனால் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்:
தொடலாமா?
அந்த ஒரு சொல்லுக்கே
முகம் திருப்பிக் கண் துடைத்தவர்களை
விரல் விட்டு எண்ணினேன் ஒரு காலம்.
பிறகு விரல் போதவில்லை.

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மாடிப்படியில்
ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் சுமந்தபடி எபனேசர்.
எங்கள் மைக்செட்காரர்.
எல்லோர் குரலையும் ஏற்றி இறக்கித் தருபவர்.
பெட்டியை இறக்காமலே கேட்டார்:
"அக்கா, அது பிள்ளைங்களுக்கு மட்டுமா?
எனக்கு நாப்பத்திமூணு ஆச்சு."

எதிரே கறுத்து நின்ற மலைகள்
பகலில் வாங்கிய சூட்டை
அப்போதுதான் வெளியே விட்டுக்கொண்டிருந்தன.

ஹம்ரியாவில், டயர் கடைக்கு மேலே
ஓர் அறை பிடித்தோம், கைக்காசில்.
முதல் வாரமே தப்புச் செய்தேன்.
பெயர், கம்பெனி, ஸ்பான்சர் என்று படிவம் வைத்தேன்.
ஒரு பையன் மூன்றாவது கட்டத்தில்
பேனாவை மூடிவைத்து இறங்கிப் போனான்.
இன்றுவரை வரவில்லை.
அவன் பெயரின் முதல் எழுத்து
இன்னும் என் பையில் இருக்கிறது.

தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னது செல்வராணி.
மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் வேலை,
வெள்ளி மதியம் இரண்டு மணி நேரம்தான் வெளியே.
வியாழன் இரவு வெள்ளி மதியமானது.
ஸ்க்ரூட்ரைவரோடு வந்த எபனேசர்
நாற்காலிகளின் முதுகையும் சுவர்ப்பக்கம் திருப்பினார்.
யாரும் காரணம் கேட்கவில்லை.

போதாது, தெரியும்.
தமிழில் கேட்கத் தெரிந்த மருத்துவர்
வாரம் ஒரு நாளாவது வேண்டும்.
பாதி இரவில் மணி அடித்து
மூச்சு மட்டும் கேட்கும் அழைப்புக்கு
என்னைவிடப் படித்த ஒருவர் வேண்டும்.
அடுத்த கூட்டத்திலும் நாங்கள்
இதரவில்தான் இருந்தோம்.

எட்டு வாரம் எபனேசர் பேசவில்லை.
தேநீர் ஊற்றினார், வயர்களைச் சுருட்டுவதுபோல்
வெறும் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
ஒன்பதாவது வெள்ளி, ஆகஸ்ட்.
ஏதோ தொடங்கினார்,
பக்கத்து நாற்காலிக்கும் எட்டாத குரலில்.

செல்வராணி எழுந்து போய்
ஏசியை அணைத்தாள்.
வியர்த்து வழிய
உட்கார்ந்திருந்தோம்.