முந்தின நிமிஷம்

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
ஜனவரி முடியும்போதுதான் எங்கள் ஊருக்குள் எட்டிப் பார்க்கும்.
இடையில் நான் பனி தள்ளுகிறேன்.
விடியாத நாலரைக்கு வண்டியைக் கிளப்பி
துறைமுகத்திலிருந்து பள்ளிக்கூடம்,
பள்ளிக்கூடத்திலிருந்து மருத்துவ நிலையத்து மேடு.
திரும்பி வருவதற்குள்
தள்ளிய இடம் மறுபடி வெள்ளையாகியிருக்கும்.
இதற்குத்தான் சம்பளம்.

ஐஸ்லாந்தில் ஆறுதலுக்கு இன்னொரு பெயர் வெந்நீர்க் குளம்.
மீன் அறுப்பவர்களும் பாதிரியாரும் வங்கிக்காரரும்
கழுத்தளவு நீரில் உட்கார்ந்து
காட் மீன் விலை பேசுவோம்,
தலையில் பனி விழ விழ.
இருபது வருஷம் அங்கே எனக்கொரு மூலை இருந்தது.
அந்தக் குளிர்காலம் போகவில்லை.
முழங்கையில் வலி, நனைக்கக் கூடாதாம் என்றேன்.
பொய் சுலபம்.
யாருமில்லாத வீட்டிலும்
முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பதுதான்
கஷ்டம்.

சாவதற்காக என்று நினைப்பீர்கள்.
அதில்லை. அதைச் சொல்லவே எனக்குப் பல மாதம் ஆனது.
மகள் உன்னூர் அவள் அம்மாவோடு டென்மார்க் போனபின்
துக்கம் எந்த அறையில் இருக்கிறதென்று தெரியவில்லை.
சமையலறையிலா, அவளுடைய பழைய பனிக்காலணிக்குள்ளா?
அழலாமென்றால் அழவும் வரவில்லை.
வலிக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது,
இதோ இங்கே என்று விரல் வைத்துக் காட்ட.

கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும்.
பிறகு வெட்கம் வரும்.
வெட்கம் துக்கத்தைவிடப் பெரிய பசிக்காரன்.
மறுநாள் இரண்டு பேருக்கும்
நானே தீனி போடவேண்டும்.

ஹல்வார்துர் குளத்தைப் பார்த்துக்கொள்பவன்.
நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.
டிசம்பரில் ஒரு காலை
கைகாட்டி என் வண்டியை நிறுத்தினான்,
ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.
"உன் அலமாரிச் சாவி
ஒன்பது வாரமா ஆணியிலேயே தொங்குது."
வைப்பர் போய் வந்தது. போய் வந்தது.
"உன்னை நீயே காயப்படுத்திக்கிறியா?"
மீன் விலை கேட்கிற அதே குரல்.

மறுக்கத் தயாராக எத்தனையோ வாக்கியம் வைத்திருந்தேன்.
ஒன்றுகூட வரவில்லை.
தலை மட்டும் ஆடியது.

அவன் திட்டவில்லை.
சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை.
சத்தியம் வாங்கவில்லை.
"நிலையம் எட்டு மணிக்குத் திறக்கும்.
அதுவரை தள்ளுவோம்" என்றான்.
நான் உள்ளே நுழைந்த வாசலுக்கு
வழி போட்டது நாங்கள்தான்.

செவிலி ஆஸ்தீஸ்,
சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டாள்.
சில இரவுகளில் விடியாமலே போனால் தேவலை என்றிருக்கும் என்றேன்.
எழுதிக்கொண்டாள். பதறவில்லை.
பிறகு,
"அதற்கு முந்தின நிமிஷம் என்ன நடக்கும்?"

அந்த நிமிஷத்தை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.
தொலைபேசி அணைந்திருக்கும்.
கோப்பன்ஹேகனில் அவள் தூங்கப் போயிருப்பாள்.
குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும்.
சொல்லச் சொல்ல
தொண்டையில் ஏதோ உடைந்து
மேசைமேல் கவிழ்ந்து அழுதேன், நாற்பத்தொரு வயதில்.
"பேச வாய் கிடைக்காமல் கையில் பேசியிருக்கிறது,
வேறு வாய் தேடுவோம்" என்றாள்.

இப்போது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள்.
மூன்று எண்கள்.
ஆஸ்தீஸ், ஹல்வார்துர்,
ராத்திரி முழுக்க யாராவது எடுக்கிற உதவி எண்.
வியாழக்கிழமை திரையில் ரெய்க்யாவிக்கிலிருந்து
ஒரு மனநல ஆலோசகர்.
அவர் நாய் குறுக்கே நடக்கும்.

மார்ச்சில் ஒரு ராத்திரி சறுக்கினேன்.
காலையில் நானே ஆஸ்தீஸைக் கூப்பிட்டேன்.
பனி மறுபடி பெய்யும், மறுபடி தள்ளவேண்டும் என்று
ஏதாவது சொல்லித் தொலைப்பாளோ என்று பயம்.
சொல்லவில்லை.
"போன் பண்ணினாயே" என்றாள்.

ஏப்ரலில் சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன்.
முதல் நாள் கையை நீருக்குள்ளேயே வைத்திருந்தேன்.
இரண்டாம் நாள் மறந்து
முகம் துடைத்துவிட்டேன்.
பாதிரியார் பார்த்தார்.
சற்று நகர்ந்து
வெந்நீர் வருகிற பக்கத்தை எனக்கு விட்டார்.
மீன் விலை இறங்கியிருக்கிறதாம்.

உன்னூருக்கு இன்னும் சொல்லவில்லை.
கோடையில் வருவாள், குளத்துக்குப் போகலாமா என்பாள்.
அதற்கான வாக்கியத்தைத்தான்
வியாழக்கிழமைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம்.
நானும் அவரும்,
சில சமயம் நாயும்.