பொரிக்கிற சத்தம்

வந்த மூன்றாம் வாரம்
கட்டிலுக்கடியில் கிடந்த தோல் பெல்ட்டில்
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
துடைத்து வைத்தேன்.
மறுவாரம் பச்சையாய்ப் பூத்தது.
உப்பு டப்பாவைக் கவிழ்த்தால்
உப்பு விழவில்லை, வழிந்தது.
படிகாரக் கட்டி தானாகவே வியர்த்தது.

சிலிம் ரிவரில்
சலூனுக்குப் பின்னால் ஓர் அறை.
நாங்கள் மூன்று பேர்,
காயாத பதினேழு துண்டுகள்.
துவைத்தது எது, துவைக்காதது எது என்று
முகர்ந்துதான் பிரிக்க வேண்டும்.
சில நாள் முகர்ந்தாலும் பிரியாது.
என் பாஸ்போர்ட்
முதலாளி பெரியநாயகத்தின் இழுப்பறையில் இருந்தது.
அதிலுள்ள என் முகமும்
பூத்துப் போயிருக்குமோ என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.

தமிழும் இங்கே கொஞ்சம் நீர் கோத்துத்தான் இருந்தது.
"பசியாறியாச்சா?" என்றால் காலைச் சாப்பாடு.
"தண்ணி என்ன?" என்றால் தேநீரா, காப்பியா.
முதல் நாள் நான் கேட்டது வெறும் தண்ணீர்.
கடைக்காரர் என்னைக்
காய்ச்சல்காரனைப் போலப் பார்த்தார்.
"எங்கேயிருந்து வர்றீங்க?" என்றால்
"மூணாங்கட்டை" என்பார்கள்
நாற்காலியில் சாயும் தோட்டத்து ஆட்கள்.
தலையில் செம்பனைத் தூசு,
பிடரியில் மட்டை முள் கிழித்த கோடு.
அந்தக் கோட்டைச் சுற்றிக்
கத்தியை ஓட்டப் பழகினேன்.

நாலு மணிக்கு மழை.
பெர்மிட் எடுத்துக்கொண்டு
வேலைக்கு வருகிற மாதிரி வரும்.
தகரத்தில் அது இறங்கிவிட்டால்
ரேடியோ கேட்காது, காத்தாடி கேட்காது.
கத்தரியின் சத்தம் இல்லாமல் முடி வெட்டுவது
கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.
முதல் மாதம் இரண்டு பேருக்குக்
காதோரம் கோணிப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான்
சண்முகக்கனி கூப்பிடுவாள்.
விளாத்திகுளத்தில் அப்போது மணி ஒன்றரை.
குடங்களை வரிசையில் போட்டுவிட்டு
தண்ணி லாரிக்கு நிற்கிற நேரம்.

"அது என்ன சத்தம்?" என்றாள் முதல் நாள்.
மழை என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.
விழுங்கினேன்.
"பக்கத்துக் கடையில பொரிக்கிறாங்க."
"என்னத்த?"
"வாழைப்பழம்."
"பழத்தையா!" சிரித்தாள்.
அதோடு அது நிலைத்துவிட்டது.
தினமும் நாலு மணிக்கு
ஊருக்கே போதும் போதும் என்கிற அளவுக்கு
பழம் பொரித்தார்கள் எனக்காக.
"அங்க வெயில் எப்படி?"
"இருக்கு."
"லாரி?" என்பேன்.
"எங்க வந்துச்சு."

செப்டம்பரில் புகை வந்தது.
கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ காடு எரிகிறதாம்.
எண்ணெய் ஆலையின் புகைபோக்கியே புகையில் மறைந்தது.
ஒன்பது நாள் மழையில்லை.
துண்டுகள் காய்ந்து அப்பளமாய் விறைத்தன.
உப்பு உதிர்ந்தது.
பெல்ட்டில் ஒன்றும் பூக்கவில்லை.
நான் வேண்டியதெல்லாம் கிடைத்தாயிற்று.
ஆனால் நாலு மணிக்குக்
கை தானாக நின்றது.
நாற்காலியில் இருந்த ஆ செங்
கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.
நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுபடி வெட்டத் தொடங்கியபோது
கத்தரி பெரிதாக,
அசிங்கமாகச் சத்தம் போட்டது.
உதடு வெடித்திருந்தது,
வெயில் தின்று வளர்ந்த உதடு.

போன் அடித்தது.
லாரி வந்ததாம். நாலு குடம் கிடைத்ததாம்.
பிறகு கொஞ்ச நேரம்
ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

"ஒம்பது நாளாச்சு," என்றாள்.
"பொரிக்கிற சத்தமே கேக்கலியே.
அங்க மழை இல்லையா?"

"இல்ல," என்றேன்.

"பெய்யும், விடு.
குடத்தத் தூக்கணும், வச்சிர்றேன்."