பதினொரு கிலோமீட்டர்

கானாடுகாத்தானில் கல்யாணம்.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
இரண்டு தெருவும் அடைத்து வண்டிகள்.
எல்லாம் உயரம். எல்லாம் வெள்ளை,
இல்லையென்றால் வெள்ளையாக மனம் வராத சாம்பல்.
ஏறுவதற்குப் படி உண்டு.
இறங்கும்போது பட்டைத் தூக்கிப் பிடித்து
முதலில் ஒரு காலால் தரையைத் தேடுகிறார்கள்.

நடுவில் என் கார்.
எல்லோரும் நாற்காலியில் சாப்பிடும் பந்தியில்
தரையில் சம்மணம் போட்டுவிட்ட ஒரே ஆள் மாதிரி.

"இன்னும் இதத்தான் வச்சிருக்கியா, உமையாள்?"
சாத்தப்பன், நாத்தனார் வீட்டுக்காரர்.
"குனிஞ்சு ஏறி, குனிஞ்சு இறங்கி.
நம்ம ஊர் ரோட்டுக்கு இது சரிப்படுமா?"

சரிப்படாது.
கோட்டையூர் தாண்டி எவனோ தன் வாசலுக்காக
ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட மேடு ஒன்று இருக்கிறது.
அதில் வயிறு உரசும் சத்தம்
எனக்குப் பல்லில் கேட்கும்.
ஐப்பசியில் கண்மாய் மறுகால் போனால்
ஊரைச் சுற்றித்தான் வீடு வருவேன்.
சிக்னலில் எனக்கு முன்னால் தெரிவது
வானமில்லை, ஒரு ஸ்டெப்னி,
அதன் மூடியில் யாருடைய குலதெய்வமோ.

காரைக்குடி ஷோரூமில் போன மாதம் கேட்டேன்.
"செடானா? இப்ப யாரும் கேக்கறதில்ல மேடம்" என்றான்.
அது நின்றிருந்த இடத்தில்
தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள்.

நான் ஆடிட்டர்.
மைலேஜ், தேய்மானம், மறுவிற்பனை
எதைக் கூட்டினாலும் இது நஷ்டம் என்று
முதலில் சொல்ல வேண்டியவள் நான்தான்.
நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்பதில்தான் குழப்பம்.

சாத்தப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால்
காலை ஐந்தரைக்கு, திருமயம் பைபாஸில்,
அவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.
கோட்டை இருட்டைவிட்டுப் பிரிந்து வரும் நேரம்.
மூன்றாவது கியர்.
மிதித்தால் டர்போ ஒரு கணம் யோசிக்கும்,
கடன் கேட்டவனைப் பார்ப்பதுபோல.
பிறகு கொடுத்துவிடும், மொத்தமாக,
முதுகு சீட்டில் பதிய.
வளைவில் உடம்பு சாயாது.
சாலையை உயரத்திலிருந்து பார்க்கலாம் என்கிறார்கள் அவர்கள்.
எனக்கு அது தொடையில் தெரிகிறது:
புதுத் தார், பழைய தார்,
குழாய்க்குத் தோண்டி மூடிய இடம்,
பாலத்தின் இணைப்பில் ஒரு சின்ன விக்கல்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"மாத்தணும்ண்ணே" என்றேன்.
எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன், நான்கு வருடமாக.

மாலை. வெற்றிலைப் பை, தேங்காய், செருப்பு தேடல்.
வண்டிகளை வாங்கி நிறுத்தும் பையன்
கை நிறையச் சாவியோடு வந்தான். சட்டையில் பெயர்: இருளப்பன்.
என் காரை மட்டும் கடைசியில் கொண்டுவந்தான்.
சீட் பின்னால் போயிருந்தது.
சக்கரத்தில் செம்மண்.
காலையில் பெட்ரோல் போட்டு ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கியிருந்தேன்.
வந்து இறங்கும்போது பதினான்கு.
இப்போது இருபத்தைந்து.

"எங்கப்பா நிறுத்தின?"
"பக்கத்துலதாங்க்கா. பள்ளிக்கூடத்து மைதானம்."

மைதானம் இங்கிருந்தே தெரிகிறது.
பதினொரு கிலோமீட்டர் என்று நான் சொல்லவில்லை.
அவனும் மீட்டரைப் பார்த்தான், என்னையும் பார்த்தான்,
தலையைத் தாழ்த்தவில்லை.

"கிளட்ச் கொஞ்சம் மேல புடிக்குதுக்கா. பாத்துக்கங்க."

பத்து நாளாக எனக்கும் அதே சந்தேகம்.
வீட்டுக்காரர் இல்லை என்றார்.
மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, இல்லவே இல்லை என்றார்.

"மத்த வண்டியெல்லாம் எப்படி ஓடுது?"
"அதெல்லாம்..." பின்னால் திரும்பி
வெள்ளை வரிசையை ஒரு முறை பார்த்தான்.
"அதெல்லாம் நிறுத்திட்டேங்க்கா."

நூறு ரூபாய் கொடுத்தேன். யோசித்து இன்னொரு நூறு.
சீட்டை முன்னுக்கு இழுத்து, சாவியைத் திருப்பினேன்.
ஏதோ குறைந்தது.
தெருமுனை திரும்பும்போதுதான் தெரிந்தது:
காலையில் நான் ஓடவிட்டிருந்த பாட்டை
அவன் அணைத்திருக்கிறான்.