அடிக்கு ஒரு நூல்

கத்திரி முடிந்த மறுநாள்
இரவு ஒன்றரை மணிக்கு
ஹாலில் ஏதோ வெடித்தது.
சிலிண்டர் என்று நினைத்து ஓடிவந்தேன்.
நான்கு டைல்கள்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து
கூடாரம் போட்டிருந்தன.
பக்கத்தில் பூனை,
நான் இல்லை என்கிற முகத்தோடு.

கன்னியப்பன் வந்து
கரணைப் பிடியால் தரை முழுக்கத் தட்டினார்,
முதுகில் தட்டிச் சளி பார்க்கும் டாக்டர் மாதிரி.
"எல்லாம் பொக்குங்க.
நாலு மூலைல நாலு உருண்டை, நடுவுல ஒண்ணு,
அமுக்கி உக்கார வச்சுட்டுப் போயிட்டான்.
மேல ராஜா, கீழ வெறும் காத்து."

மூன்று நாள் கொத்தினார்கள்.
மாடி வீட்டு மைதிலி மேடம்
'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று
ஐந்து முறை மெசேஜ் அனுப்பினார்.
பெயர்ந்த காரைக்கு அடியில்
கிளிஞ்சல் கலந்த மணல்,
பாக்குப் பொட்டலத்தின் வெள்ளி உறை,
பதினேழு வருடமாகத் தவணை கட்டும் சதுர அடிக்குள்
உடையாத ஒரு சிப்பி.
மடிப்பாக்கத்தில் ஏரி இருந்தது தெரியும்.
என் ஹாலில் கடலும் இருந்தது
அன்றுதான் தெரிந்தது.

தேசம்மா பெருக்கினாள்.
பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.
"தூசி மேல சாந்து நிக்காதுக்கா.
பவுடர் பூசுன நெத்தியில
பொட்டு நிக்குமா?"
பிறகு சிமெண்டைப் பாலாகக் கரைத்து
தரை குடிக்கக் குடிக்க ஊற்றினாள்.

டியூபில் தண்ணீர்.
ஒரு முனை என் கையில்,
மறுமுனை கன்னியப்பனிடம்.
எதிரெதிர்ச் சுவரில் நின்றோம்.
ஆடி ஆடி
நீர் ஓய்ந்த இடத்தில் பென்சில் கோடு.
ஆபீசில் என்னை மட்டம் தட்டியவர்கள்
வரிசையாக ஞாபகம் வந்தார்கள்.
ஒருத்தன் கையிலும்
இப்படி ஒரு டியூப் இருந்ததில்லை.

ஹாலுக்கு மட்டம்.
பால்கனிக்கு வாட்டம், என்றார்.
வாட்டம்.
போனில் 'ஹலோ' சொன்னதுமே
என் குரலில் அக்கா கண்டுபிடிப்பதும்
அதே சொல்தான்.
எவ்வளவு வேணும் என்று கேட்டேன்.
"அடிக்கு ஒரு நூல்.
கூடுனா கால் வழுக்கும்,
கொறஞ்சா தேங்கிடும்."
ஆளுக்கும் அந்தக் கணக்கு
சரியாக வரும்போலத் தோன்றியது.
அக்காவிடம் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் சாந்து பரப்பி
மணியாசுக் கட்டை தேய்த்து
குளத்து நீர் மாதிரி ஆக்கினார்.
நான் ரசித்துக்கொண்டிருக்கும்போதே
ஆணியை எடுத்துக்
குறுக்கும் நெடுக்கும் கீறினார்.
ஐயோ என்றேன்.
"வழவழன்னு இருக்கறது
எதுலயும் ஒட்டாதுங்க."

காலையில் பார்த்தால்
பால்கனிக் கதவிலிருந்து சமையலறை வரை
பதினோரு பாதங்கள்.
பன்னிரண்டாவதைத் தேடினேன்.
தாவியிருக்கும்.
கன்னியப்பன் ரசமட்டத்தை அதன் மேலேயே வைத்தார்.
குமிழ் நடுவில் நின்றது.
"உட்ருங்க, அதுவும் கீறல்தான்."

சோபா வெள்ளிக்கிழமை வருகிறது என்றேன்.
"சீலிங்ல தொங்க உடுங்க.
ஏழு நாள் இது தண்ணி குடிக்கணும்."
மெட்ரோ வாட்டர் வராத வாரம்.
லாரித் தண்ணீர் ஒரு வாளி,
பாத்திரம் அலசியது ஒரு வாளி,
வாளியைச் சாய்க்கும்போதெல்லாம்
சாக்கு மூச்சுவிட்டது.
நானும் வெறுங்காலோடு
அதன் மேல் நின்றிருந்தேன்,
வேலை இல்லாமலே சில நேரம்.

இப்போது டைல் மேல் சோபா,
சோபா மேல் பூனை.
தூக்கம் வராத இரவில்
ஒரு ரூபாய் நாணயத்தால்
தட்டிக்கொண்டே போவேன்,
எந்தப் பாதத்தின் மேல் நிற்கிறேன் என்று.
எல்லா இடமும் ஒரே சத்தம்.
பால்கனியில் மட்டும்
துணி பிழிந்த தண்ணீர்
கொஞ்சம் யோசித்துவிட்டு
தானே புறப்படுகிறது.