எக்ஸ்ரே உறையின் பின்பக்கம்

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
சொல்லிச் சொல்லி என் நாக்கே
அசைய மறந்துவிட்ட ஒரு சனிக்கிழமை,
ராத்திரி குறும்பனையில் ஒன்பதாம் திருவிழா.

இங்கே யாரிடமும் அதைச் சொல்ல முடியாது.
சொன்னாலும் கேட்காது.
மேடைக்கு இருபுறமும் ஆளுயரப் பெட்டிகள்
இருமிக்கொண்டிருக்கின்றன.

மிக்சர்காரன் காலடியில்
கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.
வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான்.
நீலம், சிவப்பு,
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மடியில் பழைய எக்ஸ்ரே உறைகள்.
முன்பக்கம் யாரோ ஒரு மரியசெல்வம்,
வயது அறுபத்தொன்று, இடது முட்டு.
பின்பக்கம் காலி.
கடற்காற்று குடித்து உப்புகிற காக்கித் தாள்
பென்சிலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

டிரம்ஸ் பெர்ஜினை வரைவது
மீன் ஏலத்தில் விலையைப் பிடிப்பது மாதிரி.
முழங்கையை முடிப்பதற்குள்
அது அடுத்த விலைக்குப் போயிருக்கும்.
விட்டுவிட்டு
பெடல்மேல் இருந்த வெறும் காலை வரைந்தேன்,
பெருவிரலில் பிளாஸ்திரி.

கீபோர்டு ஜெரின் ஒரு கையால் வாசிக்கிறான்,
மறு கையால் கால்வாய்க் கொசுவை அடிக்கிறான்.
இரண்டும் தாளத்தில்தான் விழுகின்றன.

பெனிலா கண்ணை மூடினால்தான்
அவள் முகம் கிடைக்கும்.
மேலே ஏறும்போது கழுத்தில் எழும் நரம்புக்கு
ஒரே கோடு.
பென்சில் முனை முறிந்தது அங்கே.

பேஸ் கிட்டார் ரெக்சலினை
ஊரில் யாரும் பார்ப்பதில்லை.
அவன் வாசிப்பது காதுக்கு வருவதில்லை,
விலா எலும்புக்கு வரும்,
நின்றால்தான் அது இருந்தது தெரியும்.
அசையாமல் நிற்கிறான், புண்ணியவான்.
மூன்று பாட்டு முழுக்க அவனை வரைந்தேன்.
தந்தியின் மேல் இடது கை,
நான்கு விரலும் கணு கணுவாக.

"டி.என். எழுபத்தைந்து வெள்ளை ஸ்விஃப்ட்,
தேரு வரும் வழியில நிக்குது"
என்று மைக்கில் அறிவிப்பு.
எல்லோரும் கட்டன்சாயாவுக்கு இறங்கினார்கள்.
ரெக்சலின் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

கொள்ளாம் என்றான்.
பிறகு,
"இது ஆருக்க கையி?"
"ஒனக்கதான்."

போன் டார்ச்சை அடித்து
இடது கையை முன்னால் நீட்டினான்.
மோதிர விரல் முதல் கணுவோடு முடிந்திருந்தது.
"வின்ச் ரோப்பு கொண்டு போச்சு,
கொல்லத்தில வச்சு. எண்ணிப் பாரு."

ஒரு கைக்கு இருபத்தேழு எலும்பு.
தினமும் நாற்பது கை பார்க்கிறவள் நான்.
அதனால்தான் போலிருக்கிறது,
மூன்று பாட்டு நேரம்
பார்க்காமலே வரைந்திருக்கிறேன்.

ரப்பரை எடுத்தேன்.
"அழிக்காண்டாம்" என்றான்.
"எனக்கு எட்டாத சொரம் ரெண்டு மூணு உண்டு.
அது வரும்போ ஜெரின் கீபோர்டுல எடுப்பான்.
ஒரு குஞ்சுக்கும் தெரியாது.
நீ வரஞ்சது அவனுக்க வெரலு."
சாயாவை ஊதிக்கொண்டே போய்விட்டான்.

இரண்டாவது சுற்றில் நான் வரையவே இல்லை.
அந்தச் சுரம் எங்கே என்று
விலாவைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
முதல் பாட்டில் இல்லை.
அடுத்ததில் வாணவெடி.
நான்காவதில், சரணம் திரும்புகிற இடத்தில்,
இடப்பக்கமிருந்து வரவேண்டிய ஒன்று
வலப்பக்கமிருந்து வந்தது,
ஒரு மயிரிழை தாமதமாக.
ரெக்சலின் தலை லேசாக அந்தப் பக்கம்.
ஜெரினின் கொசு அடிக்கிற கை
அந்த ஒரு நொடி
கொசுவை விட்டிருந்தது.

காலை ஏழுக்கு டூட்டி.
குளச்சல் பஸ்ஸில் உறையைத் திருப்பி,
எல்லா உறையிலும் எழுதுகிற பழக்கத்தில்
படத்துக்குக் கீழே எழுதினேன்:
சகாய ரெக்சலின், வயது தெரியாது.
கை, இடது.
மோதிர விரல் மட்டும்
ஜெரின், வலது.